நாற்பது பேர் பங்கு

எங்கள் சலவை ஆலைக்கு வாசல் ஒன்று, வழி இரண்டு. உள்ளே நுழைந்ததும் இடது கைப் பக்கம் போனால் அழுக்குப் பக்கம், வலது கைப் பக்கம் போனால் சுத்தப் பக்கம். நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரில் பதித்த மாதிரி ஆறு பெரிய இயந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவுகள். ஏழு ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் நோயாளி அங்கியும் இந்தப் பக்கக் கதவு வழியாக உள்ளே போகும், துவைத்து முடிந்ததும் அந்தப் பக்கக் கதவு வழியாக வெளியே வரும். அழுக்கைத் தொட்ட கை சுத்தத்தைத் தொடக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான், நோய் பரவாமல் இருக்க வேண்டுமே. ஆனால் எந்தக் கை எந்தப் பக்கம் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதாமலே, பிழைக்க இந்த நாட்டுக்கு வந்த எங்கள் ஆட்கள் பதினாலு பேரும் அழுக்குப் பக்கத்தில் இருந்தோம். சுத்தப் பக்கத்தில் எங்கள் நிறத்தில் ஒரு ஈ கூடக் கிடையாது.

நான் வேன் ஓட்டுகிறவன். ஆஸ்பத்திரிகளிலிருந்து அழுக்கு மூட்டைகளை அள்ளிக்கொண்டு வருவது என் வேலை. துவைத்த துணியைத் திரும்பக் கொண்டுபோக வேறு வேன், வேறு டிரைவர், அவன் இந்த ஊர்க்காரன். ஒரே கம்பெனி, ஒரே சட்டை, ஒரே தொப்பி. என் வேன் நிற்கும் இடத்துக்குக் கூரை கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் கொண்டுவந்து கொட்டும் மூட்டைகளைப் பிரித்துத் தரம் பிரிக்கிறவர்களில் அக்காவும் ஒருத்தி. கூடப் பிறந்த அக்கா இல்லை. ஒரே வீட்டில் மாடியில் அவள், அவள் புருஷன், ஒரு பெண். கீழே ஒற்றை அறையில் நான். பதினோரு வருஷம் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கினால் அக்காதான், அவள் புருஷன் அத்தான்தான். முழங்கை வரை கையுறை, மார்பு வரை ரப்பர் ஏப்ரன், முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு அவள் அந்த ஓடும் பெல்ட்டின் முன்னால் நிற்பாள். விரிப்பு ஒரு கூடை, அங்கி ஒரு கூடை, ரத்தம் பட்டது தனி. விரிப்புகளுக்குள் என்னென்னவோ வரும். கத்தரிக்கோல், ஊசி, கண்ணாடி, டிவி ரிமோட். ஒரு தடவை யாரோ ஒரு கிழவரின் பல்செட் வந்தது. அக்கா அதை எடுத்துக் கழுவி, டப்பாவில் போட்டு, எந்த வார்டிலிருந்து வந்த மூட்டை என்று ஞாபகமாக எழுதி அனுப்பினாள். பத்து நாளில் அந்தக் கிழவரின் மகள் நன்றிக் கடிதம் போட்டிருந்தாள். அதைச் சுத்தப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

சுத்தப் பக்கத்துக்கு மாற்றக் கேட்டு அக்கா ஒன்பது தடவை எழுதிக் கொடுத்திருக்கிறாள். சூப்பர்வைசர் ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே ஒரே பதிலைத்தான் சொல்வான். "உங்க ஆளுங்களுக்கு இந்த நாத்தம் பழகிப் போச்சு. எங்க ஆளுங்களைப் போட்டா தாங்க மாட்டாங்க." அவன் பேசுவது அவர்கள் மொழி. கேட்கிறவர்களுக்கு வசதியாக நம் பேச்சில் சொல்கிறேன். அவன் சொன்னது இதைவிட ஒன்றும் மரியாதையாக இல்லை.

அக்கா வேலை செய்யும்போது முகமூடிக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். பாட்டா, ஜெபமா, சண்டையா என்று வெளியே தெரியாது. எனக்குச் சாமி பக்தி கிடையாது. அதனால் அவளைச் சீண்டுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

"ஏன்க்கா, உங்க சாமிக்கு இந்தப் பக்கம் வர பாஸ் குடுத்திருக்காங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவர் வந்து பொறந்ததே அழுக்குப் பக்கத்துலதான்டா," என்றாள், கையிலிருந்த விரிப்பை உதறாமல் சுருட்டிக்கொண்டே. "பாஸ் கேக்குறவங்ககிட்ட அவர் பேசினதே இல்ல. நீ மூட்டைய இறக்கு."

அவர்கள் போகும் சர்ச் எங்கள் தெருவிலிருந்து அரை மணி நடை. நம் ஆட்கள் கூடுகிற சபை தூரத்தில் இருக்கிறது, இரண்டு பஸ் மாற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸே பத்து மணிக்குத்தான். அதனால் ஒன்பது வருஷமாக இந்தக் கல்லுச் சர்ச்சுக்குத்தான் மூன்று பேரும் போகிறார்கள். எண்ணினால் நாற்பது பேர் வருவார்கள், பாதிக்கு மேல் கிழடு. அக்கா குடும்பத்துக்கு நாலாவது பெஞ்சு. அந்த ஒன்பது வருஷத்தில் அந்தப் பெஞ்சில் வேறு யாரும் வந்து உட்கார்ந்ததில்லை. கூட்டமான நாளில் பின்னால் நின்றாலும் நிற்பார்கள், அந்தப் பெஞ்சில் மிச்சமிருக்கும் இடத்தில் உட்கார மாட்டார்கள்.

மாதத்தில் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பத்தைப் போதகர் கொடுப்பார். திராட்சரசம், அதாவது ஒயின், ஒரே வெள்ளிப் பாத்திரத்தில், எல்லாரும் அதிலேயே ஒரு மடக்கு. பாத்திரத்தை ஏந்திக்கொண்டு வருவது ஒரு அம்மாள். மழையோ வெயிலோ நீலத் தொப்பி போட்டிருப்பாள். நாங்கள் வீட்டில் அவளுக்கு வைத்திருந்த பெயரும் அதுதான். பீடத்துத் துணிகளைத் துவைத்து மடிக்கும் பெண்கள் குழுவுக்கும் அவள்தான் தலைவி. அந்தக் குழுவில் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அக்கா மூன்று வருஷம் முன்பே கேட்டாள். இடம் இல்லை என்றார்கள். குழுவில் இருந்தது நாலு பேர், அதில் ஒருத்திக்குக் கண் தெரியாது.

முழங்கால் போட்டிருக்கும் வரிசையில் அக்காவுக்கு அடுத்து இருக்கிறவர்கள் பாத்திரம் வரும்போது கையை மார்பில் குறுக்காக வைத்துக்கொள்வார்கள். எனக்கு அப்பம் மட்டும் போதும் என்று அதற்கு அர்த்தம். முதலில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்தாளாம் அக்கா. அப்புறம்தான் பாத்திரம் தன்னிடம் வருவதற்கு முன்னால் இருக்கிறவர்கள் குடிப்பதும் தனக்குப் பின்னால் இருக்கிறவர்கள் குடிக்காததும் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. அதிலிருந்து அவள் வரிசையின் கடைசி ஓரத்தில் போய் முழங்கால் போட ஆரம்பித்தாள். இதை அவள் சொன்ன அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் சாப்பிட்டாள்.

இந்த வருஷம் அவள் பெண்ணுக்குப் பதினாறு. வகுப்புக்குப் போய், பரீட்சை மாதிரி எல்லாம் சொல்லிக்காட்டி, திருவிருந்து எடுக்கத் தகுதி தரும் திடப்படுத்தல் சடங்கும் பிஷப் கையால் முடிந்துவிட்டது. வரும் முதல் ஞாயிறு முதல் திருவிருந்து எடுக்க வேண்டும். அந்தச் சர்ச்சில் இந்த வருஷம் புதிதாக எடுப்பது இவள் ஒருத்திதான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எடுக்கிற பிள்ளையும் அதன் அப்பா அம்மாவும் எல்லாருக்கும் முன்னால் போய் முழங்கால் போட வேண்டும், அவர்களுக்குக் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு. வந்த வினை அந்த வழக்கத்தால்தான்.

அந்த ஞாயிறுக்கு எட்டு நாள் முன்பு, சனிக்கிழமை சாயங்காலம். பத்து நாளாக விடாத மழை. மாடியில் சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் ஒழுகுகிறது என்று நான் ஸ்பேனரோடு படுத்திருந்தேன். அந்த வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். கதவு தட்டும் சத்தம் கேட்டது. நீலத் தொப்பி வந்திருந்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை.

அத்தான் ஓடிப்போய் நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் அதன் நுனியில் உட்கார்ந்தாள். அக்கா டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்," என்றாள் அவள். டீ அங்கேயே இருந்து ஆடை கட்டியது.

"உங்க வீட்டுக்கு ரொம்ப சந்தோஷமான நாள் வருது," என்றாள் நீலத் தொப்பி.

"கர்த்தர் கிருபை," என்றாள் அக்கா.

"அது சம்பந்தமா ஒரு சின்ன விஷயம். நான் சொல்றேன்னு நினைக்காதீங்க. சபையில சிலர் பேசிக்கிறாங்க."

"யாரு?"

"பேரெல்லாம் எதுக்கு. ஊர்ல வயித்துப்போக்கு பரவிட்டு இருக்கு. நீங்க வேலை பாக்குற இடமும் அப்படிப்பட்ட இடம். பாத்திரமோ ஒண்ணுதான். புதுசா எடுக்குறவங்க குடும்பம் முதல்ல வர்றது வழக்கம், இல்லன்னு சொல்லல. இந்தத் தடவை நீங்க மூணு பேரும் கடைசியா வந்தீங்கன்னா எல்லாருக்கும் நிம்மதி. உங்களுக்கும் சங்கடம் இருக்காது."

"எனக்கு இப்ப சங்கடம் ஒண்ணும் இல்லையே."

நீலத் தொப்பி கைப்பையை மடியில் நேராக வைத்தாள். அக்கா கேட்டாள்: "மூணாவது பெஞ்சுல நர்ஸம்மா உக்காருறாங்க. நான் துவைக்கிறது அவங்க ஆஸ்பத்திரித் துணிதான். நான் துணியத் தொடுறேன், அவங்க நோயாளியையே தொடுறாங்க. அவங்களும் கடைசியா வர்றாங்களா?"

"அது வேற."

"எப்படி வேற?"

"அவங்கள எல்லாருக்கும் தெரியும். சுத்தமா இருக்குறவங்க." சொல்லிவிட்டு அவள் ஜன்னலைப் பார்த்தாள். "நான் தப்பா ஒண்ணும் சொல்லல. நீங்க நல்லவங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன்."

தொட்டிக்குக் கீழே என் கையில் ஸ்பேனர் இருந்தது. அது அந்த நேரத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தது எல்லாருக்கும் நல்லது.

அப்போதுதான் அத்தான் வாயைத் திறந்தார். "சரிங்கம்மா. அதுக்கென்ன, நாங்க கடைசியாவே வர்றோம். நீங்க இதுக்குன்னு மழையில வரணுமா."

நீலத் தொப்பியின் முகம் தெளிந்தது. எழுந்துவிட்டாள். வாசலில் அக்கா அவளை நிறுத்தி, "ஒரு விஷயம்," என்றாள். "பாத்திரத்தத் துடைக்கிற துணி மூலையில பழுப்பா ஒரு கறை இருக்கு. உள்பக்கமா மடிச்சு மறைக்கிறீங்க. ரசமும் உதட்டுச் சாயமும் சேந்த கறை அது. முதல்ல பச்சத் தண்ணியில ஊறப் போடணும், அப்புறம்தான் சோப்பு. எடுத்த உடனே கொதிக்கிற தண்ணியில போட்டிருக்கீங்க, அதான் துணியிலயே தங்கிடுச்சு."

"எங்க குழு முப்பது வருஷமா துவைக்குது," என்றாள் நீலத் தொப்பி.

"தெரியுது," என்றாள் அக்கா.

கதவைச் சாத்திவிட்டு வந்தவள் அந்த டீயை எடுத்துத் தொட்டியில் ஓங்கி ஊற்றினாள். கீழே குழாயை நான் கழற்றி வைத்திருந்தேன் என்பதை அவள் மறந்துபோனாள். அத்தனை டீயும் என் கழுத்தில் இறங்கியது. ஆறிப்போன டீ என்பதால் பிழைத்தேன்.

"யாரைக் கேட்டுச் சரின்னு சொன்னீங்க?" என்று புருஷனிடம் திரும்பினாள்.

"யாரைக் கேக்கணும்? ஒரு நாள் கடைசியா போனா குறைஞ்சா போயிடுவோம்?"

"இத்தனை நாளா ஓரத்துல போய் முழங்கால் போட்டேன். அது நானா போனது. இது அவங்க போகச் சொல்றது."

"ரெண்டும் ஒண்ணுதானே."

"உங்களுக்கு ஒண்ணு."

அத்தான் பஸ் டெப்போவில் பஸ் கழுவுகிறவர். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டெப்போவில் ஒருத்தன் அவரைக் கேட்கக் கூடாத வார்த்தை சொல்லிக் கூப்பிட்டபோது இவர் மேலிடம் வரை போய்ப் புகார் கொடுத்தார். அதற்குப் பலனாக ஒரு வருஷம் அவரை வண்டிக்கு அடியில் இருக்கும் குழிக்குள் போட்டார்கள். மேலேயிருந்து கிரீஸும் சேறும் ஒழுகிக்கொண்டே இருக்கும். அந்த வருஷத்துக்கு அப்புறம் அவர் எதற்கும் சரி என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

"எதிர்த்துப் பேசி நான் என்னத்தக் கண்டேன்," என்றார் இப்போது. "குழிதான். பொண்ணுக்கு நல்லபடியா முடியட்டும், அதுதான் எனக்கு வேணும். யாருக்கு முன்னாடி, யாருக்குப் பின்னாடின்னு எனக்குக் கணக்கு இல்ல."

"எனக்கு ஒண்ணும் முடிய வேண்டாம்," என்று உள் அறையிலிருந்து குரல் வந்தது. பெண் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "நான் வரல. முதல்லயும் வரல, கடைசியாவும் வரல."

"வராம?" என்றாள் அக்கா.

"நம்மளப் பிடிக்காதவங்க வீட்டுக்கு நாம ஏம்மா போகணும்? அவங்க சாமியும் அவங்கள மாதிரிதான் இருப்பாரு. ஸ்கூல்ல நான் குடிச்ச குழாயத் தொடச்சிட்டுத்தான் அடுத்தவ குடிக்கிறா. இங்க வந்தா பாத்திரம். நம்மகிட்ட என்னமோ இருக்குன்னுதானே எல்லாரும் ஒரே மாதிரி பண்றாங்க?"

கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்தது. கோபத்தில் பேசுகிறாள் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தை அவர்கள் சொல்வதைப் பாதி நம்ப ஆரம்பித்திருந்தாள்.

அக்கா போய் அவள் கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்துக்கு இழுத்துவந்தாள். "இந்தக் கைய யாருடி செஞ்சது?"

"நீங்க ரெண்டு பேரும்தான்," என்றாள் பெண், அழுதுகொண்டே. அத்தான் சிரித்துவிட்டார். நானும் தொட்டிக்குக் கீழேயிருந்து சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. "எங்களுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. விரல் நகம் ஒண்ணு செய்யத் தெரியுமா உங்கப்பாவுக்கு? செஞ்சவர் செஞ்சு முடிச்சுப் பாத்து, நல்லா இருக்குன்னு சொல்லிட்டார். அதுக்கு மேல இந்தத் தொப்பிக்காரி கையெழுத்து வேற வேணுமா உனக்கு?"

"அப்ப அவங்க மட்டும் ஏன்..."

"ஏன்னு அவங்களத்தான் கேக்கணும். வியாதி அவங்களுக்கு, மருந்து நான் குடிக்கணுமா? அது அவங்க வீடு இல்லடி. விருந்து வெக்கிறவர் வேற. அவங்களும் விருந்தாளி, நாமளும் விருந்தாளி. பந்தியில உக்காந்திருக்கும்போது பக்கத்து இலைக்காரன் எழுந்திருன்னா எழுந்திருவியா?"

"ரெண்டு வார்த்தை நான் போய்க் கேட்டுட்டு வரட்டுமாக்கா?" என்றேன்.

"நீ கேட்டா ரெண்டு வார்த்தையோட நிக்காது. சட்டையக் கழட்டு, டீக்கறை. பச்சத் தண்ணியில போடு."

அதற்கப்புறம் ஒரு வாரம் அந்த வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. மேலே நாற்காலி நகரும் சத்தமும் பாத்திரம் வைக்கும் சத்தமும்தான் எனக்குக் கேட்கும். செவ்வாய்க்கிழமை மூட்டை இறக்கும்போது அக்கா பெல்ட்டின் முன்னால் வழக்கத்தைவிட வேகமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, ஜெபமா?"

"திட்டிட்டு இருக்கேன். அதுவும் ஜெபம்தான். அவர்கிட்டதானே திட்ட முடியும்."

"என்ன முடிவு பண்ணீங்க?"

"நான் முன்னாடிதான் போவேன். அவ வருவாளான்னு தெரியல. இழுத்துட்டுப் போற காரியமில்ல இது."

"நீங்க முதல்ல குடிச்சா மத்தவங்க குடிக்க மாட்டாங்களே. அவ்வளவு ரசத்தையும் என்ன பண்ணுவாங்க, ஊத்திடுவாங்களா?"

"ஊத்தக் கூடாது. ஆசீர்வாதம் பண்ணினத ஒரு சொட்டு கீழ விடக் கூடாது, நாளைக்குன்னு எடுத்து வெக்கவும் கூடாது. அங்கேயே குடிச்சு முடிக்கணும். போதகர் அதுக்கப்புறம் ரெண்டு ஊருக்குக் கார் ஓட்டிட்டுப் போகணும். அதனால மிச்சத்த எப்பவும் தொப்பிக்காரிதான் குடிச்சு முடிப்பா."

"ஓ, அதான் பத்து மணிக்கே கன்னம் சிவந்து கிடக்கா."

முகமூடிக்கு மேலே அவள் கண் கொஞ்சம் சிரித்தது. சூப்பர்வைசர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தட்டினான். நான் அடுத்த மூட்டைக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு என் ஓட்டைக் காரை வாசலில் நிறுத்தினேன். மழை அன்றைக்கும் விடவில்லை. அக்கா இறங்கி வந்தாள். பின்னால் அத்தான், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு. கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. நான் எஞ்சினை அணைத்தேன். அப்புறம் பெண் வந்தாள், அக்கா இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளை கவுனைப் போட்டுக்கொண்டு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. திருவிருந்துக்கு முன் சாப்பிடக் கூடாது என்பதால் மூன்று பேரும் வெறும் வயிறு. நான் மட்டும் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டிருந்தேன்.

அன்றைக்கு நானும் உள்ளே போனேன். கடைசி பெஞ்சில், குடை வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஈரக் கம்பளியும் மெழுகுவத்தியும் சேர்ந்து ஒரு வாசனை. போதகர் சின்ன வயசுக்காரர், பேசும்போது யார் முகத்தையும் பார்க்காமல் நடுவில் இருக்கும் காற்றைப் பார்த்துப் பேசுகிறவர். பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் முடிந்தது. அவர் அப்பத்தை உயர்த்தினார், பாத்திரத்தை உயர்த்தினார், தான் ஒரு வாய் குடித்தார். அப்புறம் எல்லாரையும் பார்த்து வரச் சொன்னார்.

நீலத் தொப்பி பாத்திரத்தை வாங்கிக்கொண்டு திரும்பி, முதல் பெஞ்சைப் பார்த்துத் தலையசைத்தாள். முதல் பெஞ்சுக்காரர்கள் எழப் போனார்கள். அதற்குள் அக்கா எழுந்துவிட்டாள்.

அத்தான் அவள் முந்தானையைப் பிடித்தார். பிடித்ததை நான் பார்த்தேன். அவள் அதைக் கோபமில்லாமல் எடுத்துவிட்டு நடந்தாள். இரண்டு அடி போனபின் திரும்பிப் பெண்ணைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. அந்தப் பெண் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாமி இல்லாத நான் யாரிடம் வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் வேண்டிக்கொண்டேன். அவள் எழுந்தாள். கவுன் பெஞ்சில் மாட்டியது, உருவிக்கொண்டு போய் அம்மா பக்கத்தில் முழங்கால் போட்டாள்.

அப்பம் கொடுத்தார் போதகர். பாத்திரம் வந்தது. நீலத் தொப்பி அதைத் தன் கையை விட்டு விடாமல் சாய்த்தாள். அக்கா ஒரு மடக்கு, பெண் ஒரு மடக்கு. நீலத் தொப்பி துணியால் விளிம்பைத் துடைத்தாள். திருப்பித் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். அந்த அமைதியில் வெள்ளியில் துணி உரசும் சத்தம் கடைசி பெஞ்சு வரை கேட்டது.

அப்புறம் மற்றவர்கள் வந்தார்கள். முதல் ஆள் அப்பத்தை வாங்கிக்கொண்டு கையை மார்பில் குறுக்காக வைத்தார். இரண்டாவது ஆள். மூன்றாவது ஆள். ஒரு வரிசை எழுந்து இன்னொரு வரிசை வந்தது. கிழவர்கள், கிழவிகள், கைப்பிள்ளைக்காரி, எல்லார் கையும் மார்பில். நர்ஸம்மா வந்தாள். அவளாவது என்று நான் நினைத்தேன். அவள் பாத்திரத்தை ஒரு கணம் பார்த்தாள், அப்புறம் அவள் கையும் மார்புக்குப் போனது. வேலையிடத்தில் தினமும் எதையெல்லாமோ தொடுகிற கை அது. அவள்மேல் எனக்கு வந்த வெறுப்பு மற்றவர்கள்மேல் வந்ததைவிட அதிகம், இன்றைக்கும் குறையவில்லை.

நாற்பது பேர் வந்துபோனார்கள். பாத்திரம் கிட்டத்தட்ட அப்படியே பீடத்துக்குத் திரும்பியது. போதகர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல நீலத் தொப்பியிடமே நீட்டினார். அவள் தலையை ஆட்டினாள். அவர் இன்னொரு தடவை நீட்டினார். அவள் துணியைப் பீடத்தின் மேல் வைத்துவிட்டு இரண்டு படி இறங்கி, போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போதகர் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே ஊற்ற முடியாது, எடுத்து வைக்க முடியாது, இரண்டு ஊருக்குக் கார் ஓட்ட வேண்டும். அவருடைய காது சிவந்துவிட்டது. முதல் தடவையாக அவர் காற்றைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தார். நாலாவது பெஞ்சைப் பார்த்து, "இதை முடிக்க எனக்கு உதவி செய்வீர்களா?" என்றார். பயந்த குரல்தான். ஆனாலும் கேட்டார்.

அக்கா மறுபடியும் போனாள். பெண்ணும் போனாள். இந்தத் தடவை பாத்திரத்தை யாரும் பிடித்துச் சாய்க்கவில்லை, போதகர் அதை அக்கா கையிலேயே கொடுத்துவிட்டார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். அவசரப்படவில்லை. கொஞ்சம் குடித்துவிட்டு மூச்சு வாங்கி, பெண்ணிடம் கொடுத்தாள். அவள் இரண்டு மடக்கு குடித்து முகத்தைச் சுளித்துத் திருப்பிக் கொடுத்தாள். அக்கா மறுபடியும் குடித்தாள். நாற்பது பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் குடையை எடுத்துக்கொண்டு, காலைத் தரையில் அடித்து நடந்து வெளியே போனார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் மிச்சம் இருந்தது.

அப்போது அத்தான் எழுந்தார். கழுத்துப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே நடந்துபோய்ப் பெண்டாட்டி பக்கத்தில் முழங்கால் போட்டுக் கையை நீட்டினார். அடிவரை குடித்து, பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு அக்காவிடம் கொடுத்தார். நீலத் தொப்பியிடம் கடைசியாக வருகிறேன் என்று சொல்லியிருந்தாரே, சொன்ன சொல் தவறவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, குடைகளைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

எழுந்ததும் அக்கா பீடத்திலிருந்த துணியை எடுத்துப் பாத்திரத்தைத் துடைத்துக் கவிழ்த்தாள், துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். "துவைச்சுக் கொண்டு வர்றேன்," என்று போதகரிடம் சொன்னாள். அவர் சரி என்றாரா இல்லையா என்று எனக்குக் கேட்கவில்லை.

வெளியே யாரும் எங்களோடு பேசவில்லை. வாசலில் நின்றிருந்தவர்கள் வழி விட்டார்கள், தேவைக்கு மேலேயே விட்டார்கள். காரில் ஏறி உட்கார்ந்ததும் அக்கா தலையைச் சீட்டில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னக்கா?"

"தலை சுத்துதுடா. வெறும் வயிறு."

"முழு பாத்திரம் உள்ள போயிருக்கு, சுத்தாம என்ன செய்யும்," என்றேன்.

"நல்லா இருந்துச்சாம்மா உனக்கு?" என்று பெண் கேட்டாள்.

"என்ன நல்லா இருந்துச்சு, புளிப்பு." அக்கா கண்ணைத் திறக்காமலே பேசினாள். வார்த்தை கொஞ்சம் வழுக்கியது. "பகையாளி பாத்துட்டு இருக்கும்போதே பந்தி போடுவார்னு சின்ன வயசுல இருந்து ஜெபத்துல சொல்லிட்டு இருக்கேன். நிஜமாவே போடுவார்னு நினைக்கல. போட்டா இவ்வளவு கஷ்டமா இருக்கும்னும் நினைக்கல." அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன், பெண் அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு கையும் ஒரே நிறம்தானா என்று பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே இங்க வரணுமா?" என்றார் அத்தான்.

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். துணி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"வராம? நாப்பது பேர் பங்கையும் சேத்துக் குடிச்சிருக்கோம். அவங்க எல்லாருக்காகவும்தான் குடிச்சேன்னு வெச்சுக்கோங்க. எனக்கு இஷ்டமே இல்ல, ஆனா குடிச்சாச்சு." என் தோளில் தட்டினாள். "வண்டிய எடு. இந்தத் துணி காயறதுக்குள்ள தண்ணியில போடணும். அடுத்த வாரம் எட்டுக்கெல்லாம் வேண்டாம், ஏழே முக்காலுக்கே நிறுத்து. இன்னிக்கு முதல் பாட்டு போயிடுச்சு."